திருப்பி அனுப்பாத பவுண்

மகனே, நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும். நேற்றும் டெலிபோனில் என்னோடு சண்டை பிடித்தாய். சுகமில்லாதவனுக்கு அவ்வளவு சத்தம் வராது. நானும் சுகம்தான். முழங்கால் மட்டும் ஒரு வழி, நான் ஒரு வழி. நீ கேட்டது ஒரே கேள்வி. நீ ஏலத்தில் எடுத்த பவுண் காசு வீட்டுக்கு வந்துவிட்டது. ஒன்று அதை ஏலக்காரனுக்குத் திருப்பி அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்குக்குப் பத்தரிடம் கொடுக்கவேண்டும். இரண்டும் செய்யாமல் ஏன் அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறேன் என்று. பதில் சொல்லத் தொடங்கினேன். "சுருக்கமாச் சொல்லுங்கோ அம்மா" என்றாய். சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. எழுதினால் நீ குறுக்கே விழமுடியாது, அதனால் எழுதுகிறேன். முடித்ததும் உனக்குப் பேசிவைத்த சுகன்யா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் வாசித்துப்போடு. அன்றைக்குத்தான் அந்த ஏலக்காரனின் அடுத்த ஏலம் முடிகிறது. நீ அதில் என்ன செய்யவேண்டும் என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் பாயாதே, உன்னைப் பெற்ற எனக்கு உன் குணம் தெரியும்.

படங்களைப் பற்றி முதலில் ஒன்று சொல்லவேண்டும். உன் சாதகத்தோடு புரோக்கரிடம் கொடுத்த படத்தில் உனக்கு நெற்றி நிறைய மயிர் இருந்தது. நோர்வேக்குப் போன புதிதில் எடுத்தது. சுகன்யா வீட்டார் சம்மதித்தது அந்த மயிருக்கு. பிறகு வீடியோவில் உன்னைக் கண்டபோது அந்தப் பிள்ளை படத்தை ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை மாமி, ஆள் அதே ஆள்தானே என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. நல்ல பக்கத்தைக் காட்டினாய், மற்றப் பக்கத்தை விட்டாய். ஏலக்காரனும் அதைத்தான் செய்தான். ஆனால் அவன் மறைத்ததையும் மறைக்காமல் விட்டதையும் நினைத்தால் எனக்குப் பகலிலும் உடம்பு கூசுகிறது.

போன மாதம் நீ இணையத்து ஏலத்தில் கண்ட காசின் படத்தை அனுப்பினாயே, அப்பாவின் காசு மாதிரி இல்லையா என்று கேட்டு. பழங்காசுப் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சின்னனில் நான் சொன்ன கதைதான். நான் காசைப் பார்க்கவில்லை, தம்பி. காசு கிடந்த நிலத்தைப் பார்த்தேன். சிவப்புச் சாந்து பூசி மினுக்கின நிலம், அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சீமெந்து ஒட்டு. அந்த ஒட்டில் ஒரு பெருவிரல் அடையாளம். நுனி இரண்டாகப் பிளந்த பெருவிரல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் மெசினுக்குள் அகப்பட்டு அப்படி ஆன விரல் உன் அப்பாவுடையது. உன் கன்னத்தை எத்தனை தரம் தடவிய விரல், உனக்கே தெரியும். அந்த நிலம் எங்கள் வீட்டுச் சாமியறை நிலம். அதனால்தான் நான் யோசிக்காமல், "ஓம், உது எங்கடை காசுதான், விட்டிடாதை" என்று கத்தினேன். நீயும் விடவில்லை.

அந்த ஒட்டு வந்த கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். அப்பா வீட்டில் இரண்டு பவுண் காசு இருந்தது. ஒன்றை எங்கள் பொன்னுருக்கில் உருக்கி எனக்குத் தாலி செய்தார்கள். மற்றது பிறக்கப்போகிற மூத்த மகனின் பொன்னுருக்குக்கு என்று வைத்தது, அதாவது உனக்கு. ஷெல்லடி கிட்ட வந்து ஊரே எழும்பி ஓடின அன்று, வழியில் பறிகொடுக்கப் பயந்து, அப்பா சாமியறை மூலையில் நிலத்தைக் கொத்திக் காசை உள்ளே வைத்து மேலே சீமெந்து பூசினார். அந்த அறைக்குள் பகலிலும் வெளிச்சம் போதாது. பக்கத்து வீட்டுப் பரிமளக்கா அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீமெந்து காய முதல் அப்பா பெருவிரலை அதில் அழுத்தினார். இனி ஆர் தோண்டினாலும் எனக்குத் தெரியும் என்றார். நீ என் இடுப்பில் இருந்து வீரிட்டுக்கொண்டு இருந்தாய்.

பரிமளக்கா எங்களோடு வரவில்லை. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருஷத்துக்கு மேல். செத்துப்போனார் என்று எல்லோரும் சொல்ல, அவள் மட்டும் தாலியைக் கழற்றமாட்டேன் என்று நின்றவள். பிள்ளை குட்டி இல்லை. மனுசன் வந்தால் வீடு பூட்டிக்கிடக்கக் கூடாது என்பாள். நான் அழுது மன்றாடிப் பார்த்தேன். கடைசியில் எங்கள் வீட்டுச் சாவியை, நீல நூல் கட்டினபடி, அவள் கையில் கொடுத்தேன். அவள் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் கிடக்கிறது.

"நீ போ பிள்ளை. நான் ஒவ்வொருநாளும் கூட்டித் துப்பரவா வைச்சிருப்பன். உன்ரை காசும் பத்திரம். மகன் கலியாணம் செய்யேக்கை நானே எடுத்து அனுப்பிவிடுறன்."

அதற்குப் பிறகு அவளை ஒருவரும் காணவில்லை. உயிரோடும் காணவில்லை, மற்றபடியும் காணவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆமி அந்தப் பக்கம் ஒருவரையும் விடவில்லை. விட்ட பிறகு அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். எங்கள் வீடும் இல்லை, அவள் வீடும் இல்லை. சுவர் இல்லை, நிலம் இல்லை, அத்திவாரக் கல்லைக்கூடக் கிளறி எடுத்திருந்தார்கள். கிணறு இருந்ததால்தான் எங்கள் வளவு என்று கண்டுபிடித்தோம். அப்பா கிணற்றுக் கட்டில் இருந்து பெருவிரலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். ஆகவே நீ அனுப்பின படத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை. இல்லாத நிலத்தில் காசை வைத்து எப்படிப் படம் எடுத்தான் என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

காசு இங்கே சண்டிலிப்பாய்க்கு வந்து சேர்ந்தது. கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, காசில் இருக்கிற ராசாவின் கழுத்துக்குக் கீழே விளிம்பை மூடி ஏலக்காரனின் வெள்ளைச் சீட்டு ஒட்டி இருந்தது. படத்திலும் அதே இடத்தில்தான் இலக்கம் எழுதின வெள்ளைத் துண்டு கிடந்தது. சுகன்யா பள்ளிக்கூடம் முடிந்து நேரே இங்கே வந்தாள். விஞ்ஞானம் படிப்பிக்கிற பிள்ளை, எதையும் ஒருதரம் திருப்பிப் பார்க்காமல் விடாது. போனில் உன் படத்தைப் பெரிதாக்கி, காசையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனை என் பக்கம் திருப்பி, ஒட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமி, உங்கடை காசு உதுக்குள்ளை தானே புதைச்சது? உது உடையேல்லையே."

உடைந்திருக்கவில்லை, தம்பி. அப்பாவின் விரல் அடையாளம் ஒரு வெடிப்பும் இல்லாமல் முழுதாகக் கிடந்தது. எங்கள் காசு அந்த ஒட்டுக்குக் கீழே இருக்க, மேலே இன்னொரு காசு. அப்படியென்றால் என் கையில் இருப்பது ஆருடையது? பழைய படமாக இருக்கும், வீடு நின்ற காலத்தில் ஆரோ எடுத்தது என்று சொல்லிப் பார்த்தேன். சுகன்யா ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைத் துண்டில் இந்த ஏலத்தின் இலக்கம் இருக்கிறது, துண்டின் நிழல் ஒட்டின் மேல் விழுகிறது, பிறகு வெட்டி ஒட்டினதென்றால் நிழல் இப்படி விழாது என்றாள். சொல்லிவிட்டு அவளே தன் கையைத் தேய்த்துக்கொண்டாள். மயிர் கூச்செறிந்து நின்றது.

அவள் இங்கிலிசில் ஏலக்காரனுக்கு எழுதினாள். படம் எங்கே எடுத்தது, காசு ஆரிடம் வாங்கியது என்று. மறுமொழி மரியாதையாக வந்தது. படங்களைத் தாங்கள் எடுப்பதில்லையாம். விற்கக் கொடுக்கிறவர் எடுத்து அனுப்புகிறவையாம். இவை இந்த ஏலத்துக்கென்று புதிதாக எடுத்தவையாம். கொடுத்தவரின் விபரம் சொல்லமுடியாதாம். காசில் குறை இருந்தால் இரண்டு கிழமைக்குள் திருப்பி அனுப்பலாம், ஆனால் பிளாஸ்டிக் கூட்டை உடைத்தால் எடுக்கமாட்டார்களாம். அதாவது சீட்டு எதை மறைக்கிறது என்று பார்த்தால் திருப்பமுடியாது, திருப்பவேண்டுமென்றால் பார்க்கமுடியாது. எப்படி இருக்கிறது நியாயம். ஆனால் நான் அதற்குக் கோபப்படவில்லை. அவன் படத்தைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்று என் பிள்ளையார் முன்னால் நின்று கும்பிட்டேன். ஒருத்தன் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று நான் கும்பிட்டது அதுதான் முதல் தரம்.

நிலத்தைப் போய்ப் பார்ப்போம் மாமி என்று சுகன்யாதான் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் தன் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனாள். நல்ல உச்சி வெயில். கடல் இரையும் சத்தம் கேட்டது, ஆனால் வளவுக்குள் காலெடுத்து வைத்ததும் அதுவும் கேட்கவில்லை. பற்றை இடுப்பளவு. எங்கள் பூவரசு தறிபட்ட அடியிலிருந்து திரும்பத் தளிர்த்துப் பெரிய மரமாகி நிற்கிறது. அதன் சருகு வளவெல்லாம் மூடிக்கிடந்தது, ஓர் இடத்தைத் தவிர. கிணற்றிலிருந்து சாமியறை எவ்வளவு தள்ளி என்று என் காலுக்குத் தெரியும். அந்த இடத்தில் ஓர் அறையளவு மண் வெறுமையாக, சுத்தமாக இருந்தது. சதுரமாக. மண்ணில் விளக்குமாற்றுக் கோடு வளைவு வளைவாகக் கிடந்தது, காலமை கூட்டின முற்றம் மாதிரி. கால் அடையாளம் ஒன்றும் இல்லை.

சுகன்யா என் கையைப் பிடித்தாள். "ஆரோ கூட்டியிருக்கினம் மாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் நின்ற நேரத்துக்குள் பூவரசிலிருந்து எத்தனை சருகு உதிர்ந்தது. ஒன்றும் அந்தச் சதுரத்துக்குள் விழவில்லை. காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை என்று சுகன்யா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குச் சொன்னாளா தனக்குச் சொன்னாளா தெரியாது.

வீட்டுக்கு வந்து, கால் முகம் கழுவி, பாக்குவெட்டியை எடுத்துப் பிளாஸ்டிக் கூட்டை வெட்டினேன். "வெட்டினால் திருப்பேலாது மாமி" என்று சுகன்யா ஒருதரம் சொன்னாள், தடுக்கவில்லை. வெள்ளைச் சீட்டு கிழிந்து வந்தது. ராசாவின் கழுத்துக்கு நேர்கீழே விளிம்பில், வளையத்தைப் பற்றாசு வைத்து ஒட்டின தழும்பு. வளையத்தை அரம் போட்டு எடுத்திருந்தார்கள், தழும்பை எடுக்கமுடியவில்லை. பழங்காசு சேர்க்கிற உன்னைப் போன்ற ஆட்களுக்கு அது பெரிய பழுது. அதை மறைத்துத்தான் படம் எடுத்திருக்கிறது. எனக்கு அதுதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. எல்லோரும் தாலிக்கொடியில் காசு கோக்கும்போது ராசாவின் தலைக்கு மேல்தான் வளையம் வைப்பார்கள். பரிமளக்கா மட்டும் பத்தரோடு மல்லுக்கட்டிக் கழுத்துக்குக் கீழே வைப்பித்தவள். பார்க்கிற சனத்துக்கு ராசா தலைகீழாகத் தொங்குவார். கேட்டால், ஊருக்கு எதுக்கு, நான் குனிஞ்சு பாக்கேக்கை நிமிர்ந்து நிக்கவேணும் என்று சிரிப்பாள். நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணியிருப்போம். அப்படி வைத்தவள் யாழ்ப்பாணத்தில் அவள் ஒருத்திதான்.

அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். சூடாக இருந்தது, தம்பி. இவ்வளவு நேரம் வெயிலிலா கிடந்தது, அலுமாரிக்குள் இருந்தது. கழுத்தைவிட்டு அப்போதுதான் கழற்றினது மாதிரி இருந்தது. செத்தாலும் கழற்றமாட்டேன் என்றவள் அவள். ஆரும் அவளிடமிருந்து அறுத்தார்களா, அல்லது புருஷன் இனி வரமாட்டார் என்று தெரிந்து தானே கழற்றினாளா, எனக்குத் தெரியாது. இதையா உருக்கச் சொல்லுகிறாய்? இதையா திரும்பக் கூட்டுக்குள் அடைத்து, திரும்பச் சீட்டு ஒட்டி, இன்னொருவனிடம் விற்க அனுப்பச் சொல்லுகிறாய்?

உனக்குப் புத்தி சொல்ல நான் பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் நீ கட்டப்போகிறவள் அன்றைக்குச் சொன்னதை எழுதிவைக்கிறேன், கலியாணத்துக்குப் பிறகும் நினைவில் வைத்துக்கொள். பிள்ளை, உனக்கு இந்தக் காசு பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பயமில்லை மாமி. ஒரு மனுசியின்ரை கழுத்திலை கிடந்தது தானே. ஆனா அவவைக் கேக்காமல் நான் போடேலாது."

ஆரைக் கேட்பது, எங்கே போய்க் கேட்பது? ஏலக்காரன் தந்த நாள் முடியும்வரை காசை அலுமாரியில் இருக்கிற அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். நீ டெலிபோனில் கத்திக்கொண்டு இருந்தது அந்த நாட்களில்தான். நாள் வேண்டுமென்றே முடியவிட்டேன், இப்போது சொல்லுகிறேன். கோபம் என்றால் வந்து நேரில் பேசு.

நாள் முடிந்த மறுநாள் சுகன்யா பள்ளிக்கூட இடைவேளையிலேயே ஓடி வந்தாள். அந்த ஏலக்காரன் புதிதாக ஒரு காசு போட்டிருக்கிறான். நீயும் கண்டிருப்பாய், கண்டதால்தான் நேற்று அந்தத் துள்ளல். நீ காசைத்தான் பார்த்திருப்பாய். நிலத்தைப் பெரிதாக்கிப் பார். அதே சிவப்பு நிலம். ஒட்டு உடைந்திருக்கிறது. அப்பாவின் விரல் அடையாளம் பாதி ஒரு துண்டில், பாதி மறு துண்டில், பக்கத்தில் பக்குவமாக எடுத்து வைத்திருக்கிறது. குழி வெறுமை. குழியோரத்தில் எங்கள் பவுண், வளையம் வைக்காத, தழும்பில்லாத பவுண். இந்தமுறை ஒன்றையும் மறைக்கவில்லை. அளவு தெரிவதற்காக இந்த ஏலக்காரர் காசுக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைப்பார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்த இடத்தில் அடிமட்டம் இல்லை. சாவி கிடக்கிறது. நீல நூல் கட்டின சாவி.

உன் கலியாணத்துக்கு எடுத்து அனுப்புகிறேன் என்றவள் அனுப்பியிருக்கிறாள், தம்பி. முதலில் தன்னுடையதை அனுப்பி, நாங்கள் அதை என்ன செய்கிறோம் என்று பார்த்திருக்கிறாள். விசர்க் கதை, அம்மாவுக்குப் பைத்தியம் என்று நீ சொல்லுவாய். சொல். சாவியையும் சேர்த்து விற்பார்களா என்று சுகன்யா எழுதிக் கேட்டாள். படத்தில் உள்ள காசு மட்டும்தான் விற்பனைக்கு, மற்றப் பொருட்களுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மறுமொழி வந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ அந்தக் காசை ஏலத்தில் கேள். கிடைத்தால் அதை உருக்கித் தாலி செய்வோம். கிடைக்காவிட்டால் கடையில் ஒரு பவுண் எடுப்போம், அதனால் ஒன்றும் குறைந்துபோகாது. பரிமளக்காவின் காசு உருக்குவதற்கு இல்லை. அது சுகன்யாவின் கொடியில் தாலிக்குப் பக்கத்தில் இருக்கும். வளையம் கழுத்துக்குக் கீழே, அதே தழும்பில். பத்தர் பிழை என்பார், நான் பார்த்துக்கொள்ளுகிறேன்.

சுகன்யா பரிமளக்காவிடம் கேட்டுவிட்டாள் என்பதையும் சொல்லவேண்டும். நேற்றுப் பின்னேரம் திரும்பவும் வளவுக்குப் போனோம். அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, காசைக் கையில் ஏந்திக்கொண்டு, அந்தப் பிள்ளை வாய்க்குள் ஏதோ சொன்னது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மறுமொழி ஒன்றும் வரவில்லை. கடல் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது, போனமுறை கேட்காத சத்தம். குனிந்து பார்த்தேன். கூட்டியிருக்கவில்லை. விளக்குமாற்றுக் கோடு எல்லாம் அழிந்து, மற்ற இடம்போலவே அங்கும் பூவரசஞ் சருகு மூடிக்கிடந்தது. சாவியைத் திருப்பி வைத்துவிட்டாள் அல்லவா, இனி அவளுக்கு அங்கே வேலை இல்லை.

நான் வீட்டிலிருந்து விளக்குமாறு கொண்டுபோயிருந்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. முழங்கால் நோவோடு குனிந்து, அந்த இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அம்மா